கரைமேல் பிறந்த பாதை

ஜூன் 12 என்றால் எங்கள் காவிரி டெல்டாப் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மேட்டூர் திறக்கிற நாள். அணையில் இருப்பைப் பொறுத்து முன்னே பின்னே போவதும் உண்டு. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், 2024-ல் ஜூலைக் கடைசி வரை காக்க வைத்தார்கள். ஆனாலும் குறுவைக் கணக்கு, விதைநெல் கணக்கு, நகை அடகுக் கணக்கு எல்லாம் அந்தத் தேதியைச் சுற்றித்தான் ஓடும். அதே ஜூன் 12-ல், 1817-ஆம் வருஷம், ஜெர்மனியில் மான்ஹைம் என்ற ஊரில் கார்ல் டிரைஸ் என்ற வன அதிகாரி, மரத்தில் செய்த இரண்டு சக்கர வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பெடல் கிடையாது, செயின் கிடையாது. காலால் தரையை உந்தி உந்தி ஊருக்கு வெளியே நல்ல சாலையில் போய்த் திரும்பினார். போக வர 13, 14 கிலோமீட்டர் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார். சைக்கிள் குலத்தின் முதல் பயணம் அதுதான். தேதி ஒத்துப்போனது தற்செயல். இருந்தாலும், தண்ணீருக்காகப் போட்ட கரையில் சைக்கிள் ஓட்டிப் பழகிய கூத்தாநல்லூர்க்காரனுக்கு இதைச் சொல்லாமல் கதையை ஆரம்பிக்க மனசு வராது.

டிரைஸுக்கு இந்த யோசனை ஏன் வந்தது என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தச் சாம்பல் வானத்தை மூடியதில் அடுத்த வருஷம் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. விளைச்சல் பொய்த்தது, ஓட்ஸ் விலை ஏறியது, குதிரைக்குத் தீனி போட முடியாமல் போனது. தீனி கேட்காத வாகனம் ஒன்று வேண்டியிருந்தது என்கிறார்கள் சில வரலாற்றாசிரியர்கள். எல்லாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஒரு பஞ்சத்துக்கும் சைக்கிளுக்கும் முடிச்சுப் போட்டால் டெல்டாக்காரனுக்குச் சட்டென்று பிடித்துவிடும். அதனாலேயே நான் கொஞ்சம் எட்டி நின்று கேட்கிறேன்.

கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. அன்றைய சாலைகள் குதிரை வண்டித் தடம் பதிந்து குண்டும் குழியுமாகக் கிடந்தன. டிரைஸின் வண்டியை வாங்கியவர்கள் வேறு வழியில்லாமல் நடைபாதையில் ஏற்றினார்கள். நடக்கிறவர்கள் கூச்சல் போட்டார்கள். மான்ஹைம் ஊரே அதே வருஷம் டிசம்பரில் நடைபாதையில் ஓட்டத் தடை போட்டது. லண்டன், நியூயார்க், நம்ம கல்கத்தா வரைக்கும் தடை வந்தது. ஆக, வண்டி பிறந்த ஆறே மாதத்தில் அதற்கு ஓட இடமில்லை என்று தெரிந்துபோனது. அன்றிலிருந்து இன்று வரை சைக்கிளின் சரித்திரம் முழுக்க இந்த இடம் தேடுகிற சரித்திரம்தான்.

நடுவில் ஒரு நல்ல காலம் இருந்தது. பெடல் வந்தது, 1885-ல் ஸ்டார்லியின் ரோவர் வண்டி, இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவில், பின்சக்கரத்துக்குச் செயின் போட்டு வந்தது, 1888-ல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. இன்றைக்கும் எங்கள் ஊர் லெட்சுமாங்குடி பாலத்தில் போகிற ஒவ்வொரு சைக்கிளும் ரோவரின் வாரிசுதான். அதற்கும் முன்பே, 1878-ல், இங்கிலாந்தின் ஹாரோகேட்டில் சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். 1880-ல் அமெரிக்காவில் ஒன்று. இந்தச் சங்கங்கள்தான் முதன்முதலில் அரசாங்கத்தின் கதவைத் தட்டி நல்ல சாலை கேட்டன. சாலை மேம்பாட்டுக்கென்றே 1886-ல் இங்கிலாந்தில் தனிச் சங்கம் வைத்து, துண்டறிக்கை போட்டு, ஜல்லியை எப்படிப் பரப்புவது என்று பாடம் நடத்தினார்கள். சாலை நன்றாகிற நேரத்துக்குச் சரியாக மோட்டார் கார் வந்து சேர்ந்தது. பந்தி போட்டவன் ஒருவன், உட்கார்ந்தவன் இன்னொருவன் என்று ஆயிற்று. போட்டவனை ஓரமாகப் போகச் சொல்லி ஹாரன் வேறு.

ஓரமாகப் போனவர்கள் போன திசைதான் மலை. பிரான்ஸில் சேன்ட் எத்தியென் என்ற தொழில் நகரம். அங்கே பட்டு வியாபாரம் பார்த்த போல் தெ விவி என்பவருக்கு சைக்கிள் பித்துப் பிடித்தது. வேலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார். 1887-ல் 'லெ சைக்ளிஸ்த்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். ஊரை ஒட்டியே மலையேற்றம். பந்தயம் ஓடுகிறவனுக்கு வேகம் வேண்டும். இவருக்கு வேண்டியது வேறு. விடிவதற்கு முன் கிளம்பி, மலைக் கணவாய் ஒன்றைத் தாண்டி, ஏரிக்கரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு வந்து சேர வேண்டும். ஒரே பல்சக்கரம் வைத்த வண்டியில் அது முடியாது. அதனால் ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று என்று பல்சக்கரத்தை மாற்றிக்கொள்கிற வழிகளைச் சலிக்காமல் செய்து பார்த்தார். கியர் சைக்கிள் இன்றைக்கு மலையேறுகிறது என்றால் அதில் அந்த மனுஷனின் பிடிவாதம் நிறைய இருக்கிறது.

பந்தயக்காரர்கள் சிரித்தார்கள். 1902-ல் பிரான்ஸின் சுற்றுலா சங்கம் ஒரு சோதனை வைத்தது: மலைப் பாதையில் கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர். ஒரு பக்கம் எதுவார் ஃபிஷர் என்ற பந்தய வீரர், ஒற்றைப் பல்சக்கரத்தோடு. மறுபக்கம் மார்த் ஹெஸ் என்ற பெண், மூன்று கியர் வண்டியோடு. அந்தப் பெண் ஓரிடத்திலும் காலைத் தரையில் வைக்காமல் ஏறி முடித்து வென்றார். அப்படியும் பெரிய மனிதர்களின் மனம் மாறவில்லை. அடுத்த வருஷம் டூர் தெ பிரான்ஸை ஆரம்பிக்கப் போகிற ஆன்ரி தெகிரான்ஜ், கியரெல்லாம் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு என்ற பொருளில் எழுதினார். அவருடைய பந்தயத்தில் 1937 வரைக்கும் அந்தக் கியரை அனுமதிக்கவில்லை. ஊர் சுற்றுகிறவர்களோ முப்பது வருஷம் முன்னாலேயே அதைப் பூட்டிக்கொண்டு மலைக்கு அந்தாண்ட போயிருந்தார்கள். பசிக்கும் முன்னே சாப்பிடு, தாகம் எடுக்கும் முன்னே குடி, பெருமைக்காக மிதிக்காதே என்கிற மாதிரி வேலோசியோ வகுத்த விதிகளைத்தான் இன்றும் தொலைதூரம் போகிறவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1930-ல் சேன்ட் எத்தியென் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்கும்போது டிராம் மோதி இறந்துபோனார்.

மலைக்கும் ஏரிக்கும் ஓடிய அந்த சைக்கிள் கதை எங்கள் ஊருக்கு எப்படிப் பொருந்தும்? கூத்தாநல்லூரில் ஏறுவதற்கு மேடு என்று பார்த்தால் பாலம்தான். ஆனால் சைக்கிள்காரன் மலையைத் தேடிப் போனது உயரத்துக்காக மட்டுமில்லை. வண்டி வராத பாதைக்காகவும் போனான். அந்தப் பாதை இங்கே வேறு ஒரு விதத்தில், சைக்கிளைப் பற்றிய நினைப்பே இல்லாதவர்களால் போடப்பட்டது. போட்ட காரணம் தண்ணீர்.

கல்லணையில் காவிரி பிரிகிறது. ஒன்று காவிரி, ஒன்று வெண்ணாறு, ஒன்று தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்று சொல்கிற கல்லணைக் கால்வாய், மிச்சம் கொள்ளிடம். வெண்ணாறு தென்பெரம்பூரில் வெட்டாற்றைப் பிரித்துவிட்டு, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்புக்கு வந்து மறுபடி மூன்றாக உடைகிறது: கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு. அந்த வெண்ணாறுதான் எங்கள் ஊரை ஒட்டிப் போவது. டெல்டாவில் 36 ஆறு என்று கணக்குச் சொல்வார்கள். ஆறு என்று பெயரே தவிர, பெரும்பாலானவை இரண்டு பக்கமும் மண் அணைத்துக் கட்டிய வாய்க்கால்தான். பல இடத்தில் ஆற்றின் மட்டம் வயலைவிட உயரம். அப்படி இருந்தால்தான் மதகைத் திறந்ததும் தண்ணீர் தானாக வயலுக்குள் இறங்கும். அதே காரணத்தால் கரை ஓரிடத்தில் உடைந்தால் ஊரே முழுகும்.

ஆகவே இங்கே கரை என்பது காவல். கரிகாலன் பெயரில் நிற்கிற கல்லணையிலிருந்து அந்தக் காவல் தொடங்குகிறது என்றாலும், கரைமேல் பாதை இன்றைய அகலத்துக்கு வந்தது 19-ஆம் நூற்றாண்டில்தான் என்பது என் கணிப்பு. கொள்ளிடம் சரிவானது, நேரானது. தண்ணீரை அது இழுத்துக்கொண்டது. காவிரி மணல் மேடிட்டு வற்றியது. 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். பிறகு எதிர்க்கணக்கு ஆயிற்று: காவிரிக்குள் அளவுக்கு மேல் தண்ணீர் புகுந்து படுகையை அறுத்தது, அணையின் நடுப்பகுதியை இறக்க வேண்டி வந்தது. தண்ணீர் வருவதும் ஆபத்து, வராததும் ஆபத்து என்று ஆனபின் தலைப்புக்குத் தலைப்பு நீரொழுங்கி வைத்தார்கள். எங்கள் பக்கம் சட்ரஸ் என்போம். சட்ரஸ் வந்ததும் அதைத் திறக்க, மூட, அளவு பார்க்க, கரையில் எலிவளை, நண்டுவளை எங்கே என்று தேடிப் பார்க்க ஆள் வேண்டும். ஆள் போய்வரப் பாதை வேண்டும். தூர் வாருகிற மண்ணைக் கரைமேல் கொட்டிச் சமன் செய்தால் பாதை. அவ்வளவுதான் பிறப்பு. அடிக்கல் இல்லை, திறப்பு விழா இல்லை.

அந்த மண் சும்மா ஏறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குடிமராமத்து என்று பெருமையாகப் பேசுகிறோம். 1858-ல் மதராஸ் அரசாங்கம் ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே போட்டது. கரை உடைகிற அபாயம் என்றால் ஊர்க்காரர்களை வேலைக்கு இழுக்க அதிகாரிக்கு உரிமை. குடிமராமத்துக்கும் அதுதான் சட்ட பலம். யார் தலையில் மண்கூடை ஏறியது, யார் குடை பிடித்து நின்றார் என்பதைத் தஞ்சை ஜில்லாவின் பண்ணைக் காலத்தை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1924 ஜூலை வெள்ளத்தில் காவிரியும் கொள்ளிடமும் கரைகளை வாரிக்கொண்டு போயின. மறுபடி மண்கூடை. மேட்டூர் அணை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. புது ஆறும் அந்தத் திட்டத்தில் வந்ததுதான். அணையில் 93.47 டி.எம்.சி. தேங்கி நிற்கும்போது, கீழே ஆற்றில் எவ்வளவு, எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று நாள்தோறும் மேலே சொல்லியாக வேண்டும். கரைப்பாதைக்கு அன்றாட வேலை வந்து சேர்ந்தது.

அந்த வேலையைச் செய்தவர் லஸ்கர். பொதுப்பணித்துறையிலிருந்து 2021-ல் நீர்வளத்துறை தனியாகப் பிரிந்துவிட்டது. ஊரில் இன்னும் பி.டபிள்யூ.டி.தான், அவரும் இன்னும் லஸ்கர்தான். கரைமேல் ஓடிய சைக்கிள்களில் அவருடையது முக்கியமானது. நடந்து போனால் அரை நாள் ஆகிற தூரத்தை சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு வந்துவிடலாம். கேரியரில் மண்வெட்டி, ஹேண்டில்பாரில் தூக்கு, பாரில் கட்டிய சட்ரஸ் சாவி. சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை. கைப்பிடி வைத்த கனமான இரும்பு. அதை மாட்டிச் சுற்றினால் மேலே பல்சக்கரம் மெல்ல நகரும், திருகுக் கம்பி ஒவ்வொரு புரியாக ஏறும், அடியில் இரும்புப் பலகை விரல் அளவுக்குத் தூக்கும். முப்பது சுற்றுச் சுற்றியும் பலகை அசைந்ததா என்று சந்தேகம் வரும். கீழே நுரை புரண்டு வருவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு முழுக்க முட்டிக்கொண்டு நிற்கிற பாரத்தை ஒற்றை மனிதன் தூக்குகிறான். நிறையச் சுற்று, கொஞ்சம் உயரம். வேலோசியோ மலையேற்றத்துக்குப் போட்டதும் இந்தக் கணக்குத்தான். எங்கள் ஊர் சைக்கிளுக்குத் தேவைப்படாத கியர் எங்கள் ஊர் சட்ரஸில் இருக்கிறது.

சைக்கிளுக்குத் தேவைப்படவில்லை என்பதையும் அப்படியே விட முடியாது. காற்று இருக்கிறதே. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று டெல்டா முழுக்கத் தடையில்லாமல் வீசும். கரை உயரம்; மறைவு கிடையாது. மன்னார்குடியிலிருந்து மேற்கே போகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன், சமதரையில். ஆனால் அதே மாதத்தில்தான் தண்ணீரும் மேற்கேயிருந்து கிழக்கே வருகிறது. மேட்டூரில் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணை. அங்கிருந்து முறை வைத்துக் கடைமடை வரை. நீடாமங்கலத்தில் ஏறி வெண்ணாற்றங்கரையில் கிழக்கே திரும்பினால் முதுகில் காற்று, பக்கத்தில் புதுத் தண்ணீர், இரண்டும் ஒரே பக்கம். மிதிக்கிற வேலை பாதிதான். ஐரோப்பாவில் சைக்கிள்காரர்கள் மலையுச்சி வரை வியர்த்து ஏறி வாங்குகிற இறக்கத்தை ஆடி மாதம் எங்களுக்கு இனாமாகத் தருகிறது.

கூத்தாநல்லூருக்கு சைக்கிள் வந்த வழியைச் சொன்னால் அது பாதி சபராளிகளின் கதையாகிவிடும். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு, சிங்கப்பூர் என்று போனவர்களின் ஊர் இது. பர்மா, சைகோன் போனவர்களும் உண்டு. அத்தா வெளிநாட்டில், பிள்ளைகள் பெரிய வீட்டில். கடைத்தெருவுக்குப் போக, பள்ளிக்கூடம் போக, மன்னார்குடி வரை போய்வர சைக்கிள். 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கி ஹெர்குலிஸ் நம்ம நாட்டிலேயே வர ஆரம்பித்த பிறகு, சபராளி வீடு இல்லாதவர்களுக்கும் அது எட்டியது. எட்டாதவர்களுக்கு வாடகை சைக்கிள், மணிக்கணக்கில். கடைக்காரர் நோட்டில் நேரம் எழுதுவார். நேரம் தாண்டினால் அரை மணிக்கு முழு மணிக் காசு. அப்போதெல்லாம் பஞ்சாயத்தில் வரி கட்டி வாங்கிய தகர வில்லை ஒன்று வண்டியில் தொங்க வேண்டும். டபுள்ஸ் ஏற்றினாலோ, இருட்டில் டைனமோ எரியவில்லை என்றாலோ போலீஸ் பிடிக்கும்.

இந்த விளக்கும் டபுள்ஸும்தான் பையன்களைக் கரைக்குத் துரத்தின என்று எனக்குத் தோன்றுகிறது. கரையில் போலீஸ் இல்லை. கால் எட்டாதவன் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுப் பழகவும் கரைதான். விழுந்தால் ஒரு பக்கம் நாணல், மறுபக்கம் வயல், இரண்டும் மெத்தை. ரோட்டில் பஸ் வரும், கரையில் மாடு வரும், மாடு ஒதுங்கும். மீன்காரர், பால்காரர், ஐஸ்காரர் எல்லாரும் கரையைக் குறுக்கு வழியாக வைத்துக்கொண்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்து ஊரையே கிறுகிறுக்க வைத்தது. 2001-க்குப் பிறகு அரசாங்கம் பள்ளிக்கூடப் பெண்களுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்ததும், கரையில் காலையும் மாலையும் இரட்டைப் பின்னல் வரிசை. லஸ்கருக்கென்று போட்ட பாதை இப்படி ஒவ்வொருவராக ஏறி ஏறி ஊர்ப் பாதை ஆனது. சும்மா சுற்றுகிறவன்தான் அதில் கடைசியாக ஏறினவன். என்னையும் சேர்த்து.

சும்மா சுற்றுகிறவனுக்கு சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கரைக்குப் போகக் கூடாது. மண் பார்க்கக் கெட்டியாகத் தெரியும். பத்தடி போனதும் டயரோடு களி ஏறும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பி, பிரேக் கட்டையில் உருண்டு, கொஞ்ச நேரத்தில் சக்கரம் சுற்றாது, சைக்கிள் வழுக்கிக்கொண்டு மட்டும் வரும். குச்சியால் நோண்டி எடுத்தால் அடுத்த பத்தடி. செயினுக்குள் வைக்கோல் துணுக்கு சேர்ந்துவிட்டால் தீர்ந்தது. தோளில் தூக்கித்தான் வர வேண்டும், அப்போது அதன் எடையும் இரண்டு மடங்கு. மாசியில் கதை வேறு: சம்பா அறுத்து முடிந்திருக்கும், தாள் மேல் உளுந்து பச்சை கட்டியிருக்கும், கரை இறுகிக் கிடக்கும். அப்போது பகை வேலிக்கருவை முள். பஞ்சர் ஒட்டத் தெரியாமல் கரையில் ஏறினால் அடுத்த பாலம் வரை உருட்டல்தான், ஏனென்றால் கடை எல்லாம் பாலத்தடியில்தான் இருக்கும்.

ஏரி நாடு வேண்டும் என்பவர்களுக்கும் குறையில்லை. வடவாற்றுத் தண்ணீரில் நிறைகிற வடுவூர் ஏரி 1999-லிருந்து பறவைகள் சரணாலயம். முத்துப்பேட்டைச் சாலையில் உதயமார்த்தாண்டபுரம் இன்னொன்று. இரண்டும் 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறின. கார்த்திகை முதல் தை வரை வடுவூரில் நீர்க்காகமும் நத்தைக்குத்தி நாரையும் மரம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். தார்ச்சாலை வழியாகப் போனால் அங்கே லாரியும் பஸ்ஸும் கூட வரும். கோரையாற்றங்கரையைப் பிடித்துத் தெற்கே போகிறவனுக்கோ முடிவில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. ஆறு கரையைத் தொலைத்துவிட்டுக் காயலாகப் பரவுகிற இடம். அங்கே பாதையும் தீர்ந்துபோகும், மேலே படகுதான். இந்த வழியெல்லாம் எந்த வரைபடத்திலும் சைக்கிள் பாதை என்று குறிக்கப்படவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டும்.

போன ஆடியில் ஒரு தலைப்பில் இறங்கித் தண்ணீர் குடிக்க நின்றேன். சட்ரஸ் மேடையில் உட்கார்ந்திருந்த லஸ்கர், கரைக்கு ரொம்பப் பழகின ஆள், என் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பாய், தென்கரையில போவாதீங்க. மதகுக்கு அந்தாண்ட கரை சரிஞ்சு கெடக்கு. கசியுது."

"வடகரை நல்லா இருக்காண்ணே?"

"நல்லாத்தான் இருந்திச்சு. இப்ப தார் போட்டாங்கள்ல, மண் லாரி ஏற ஆரம்பிச்சிட்டான்."

அவருடைய இந்த இரண்டாவது பதிலில்தான் விஷயம் இருக்கிறது. கஜா புயல் 2018 நவம்பர் 16-ல் அடித்தபோது இந்தப் பக்கம் சாய்ந்த மரங்களுக்குக் கணக்கில்லை. கரையில் நிழல் போனது. வெண்ணாற்று உபவடிநிலத்தில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு என்று கடைமடை ஆறுகளின் கரையை உயர்த்திப் பலப்படுத்த ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் பெரிய திட்டம் வந்தது. கரை பலப்படுவது நல்லது. கடைமடையில் வெள்ளம் பார்த்தவன் வேறு எதுவும் சொல்ல மாட்டான். பலப்பட்ட கரை அகலமாகவும் இருக்கிறது. அகலம் இருந்தால் தார் கேட்கத் தோன்றும். நியாயமான கேட்புத்தான்: கரையோரம் குடியிருக்கிறவனுக்கு ஆம்புலன்ஸ் வர வேண்டும், நெல் மூட்டை கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டும், பிள்ளை சேறு படாமல் பள்ளிக்கூடம் சேர வேண்டும். என் ஞாயிற்றுக்கிழமை மிதிப்புக்காக அவர்கள் சேற்றில் நடக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஒன்று சொல்லலாம். ஆற்றுக்கு இரண்டு கரை இருக்கிறது. ஊர் இருக்கிற கரைக்குத் தார் போட்டுவிட்டு, எதிர்க்கரையை லஸ்கருக்கும் மாட்டுக்கும் சைக்கிளுக்கும் கப்பி மண்ணாகவே விடலாம். வெள்ளைக்காரன் நாட்டில் பழைய கால்வாய்க் கரைகளையும் ரயில் ஓடாத தண்டவாளப் பாதைகளையும் கோடி கோடியாகச் செலவழித்து சைக்கிளுக்குத் திருத்துகிறார்கள். இங்கே திருத்தவே வேண்டாம். கெடுக்காமல் விட்டால் போதும். அழகுபடுத்துகிறேன் என்று டைல்ஸ் பதித்து, கம்பி வேலி போட்டு, செல்ஃபி எடுக்க வளைவு வைக்கிற வேலையும் வேண்டாம்.

எதிர்க்கரைக்குக் கார் வராமல் தடுக்கத் தனியாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. பழைய சட்ரஸ்களின் நடைபாலம் பல இடத்தில் ஆள் அகலம்தான். பக்கத்தில் கைப்பிடிக் கம்பி, காலடியில் இரும்புத் தகடு, நடுநடுவே பல்சக்கரப் பெட்டி நீட்டிக்கொண்டிருக்கும். ஹேண்டில்பாரை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து, பெடல் கம்பியில் இடிக்காமல் உருட்டிக்கொண்டு வந்தால் சைக்கிள் தாராளமாகக் கடக்கும். புல்லட்டே கொஞ்சம் யோசிக்கும். சட்ரஸைப் புதுப்பிக்கத் திட்டம் போடுகிற எஞ்சினியர்கள் பலகையை மாற்றட்டும், மோட்டார் வைக்கட்டும், கேஜுக்குப் புது வெள்ளை அடிக்கட்டும். நடைபாலத்தின் அகலத்தை மட்டும் பழைய வரைபடத்தில் இருப்பதைப் பார்த்து அப்படியே எழுதிவிடச் சொல்லுங்கள்.